சாய்ந்து உறைந்த வட்டிலப்பம்

இடுப்புல சாவியைச் சொருகிக்கிட்டே நடமாடின என் அண்ணிக்கு,

உங்க நாத்தனா பாக்கியம் எழுதுறேன். நீங்க போயி ஒரு வருசமும் எட்டு மாசமும் ஆச்சு. நீங்க இருந்த காலத்துல உங்ககிட்ட நான் பேசினதுல பாதி வம்பு, மீதி கிண்டல். உங்களைப் பத்தி ஊரறியத்தான் சிரிச்சேன். அதனால இதையும் ஊரறியவே எழுதுறேன், படிக்கிறவங்க படிக்கட்டும்.

மழை மூணு நாளா விடல. தேயிலைத் தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கெடக்குற நம்ம லயத்து ஆளுங்க, பதினோரு வீடும் இப்ப பள்ளிக்கூடத்து மண்டபத்துலதான் இருக்கோம். உங்க மக நித்யா என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா. அண்ணன் மட்டும் இங்க இல்ல. காலையில லயத்துக்குத் திரும்பிப் போச்சு, இன்னும் வரல. சும்மா வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தா கிறுக்குப் புடிச்சிரும் போல இருக்கு, அதான் புள்ளையோட கொப்பியில ஒரு தாளைக் கிழிச்சு எழுதுறேன்.

முதல்ல ஒரு விசயம், கோவிச்சுக்காதீங்க. உங்க இரும்புப் பெட்டியைத் தொறந்துட்டோம். தைப்பொங்கலுக்கு வீடு கழுவுறப்ப நித்யாதான் தொறந்தா. உங்க கல்யாணச் சீலைக்கு அடியில மூணு சமையல் புத்தகம். தலவாக்கலை பசார்ல உங்கப்பா கடைக்குப் பொட்டலம் கட்ட வந்த பழைய புத்தகக் கட்டுல இருந்து, முழுசாக் கிழிபடுறதுக்கு முன்னாடி நீங்க உருவி எடுத்தது. சீர்ச்சாமானோட இதையும் தூக்கிக்கிட்டு வந்த மருமக நீங்க ஒருத்தர்தான்.

"அத்தை, அம்மா இதுல இருந்து ஒண்ணுகூட சமைச்சதா எனக்கு ஞாபகமே இல்லையே. ஞாயித்துக்கெழமைக்கு ஒண்ணா செஞ்சு பார்ப்போமா?"ன்னு கேட்டா. ஏன் சமைக்கலன்னு எனக்குத் தெரியும். சரின்னு மட்டும் சொன்னேன்.

முதல் ஞாயிறு மீன் கட்லட். 'எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும்' வரைக்கும்தான் புத்தகத்துல இருந்துச்சு, அடுத்த பக்கம் யாரு வீட்டுப் பருப்பைச் சுத்திக்கிட்டுப் போச்சோ! நாங்களா ஒரு குத்துமதிப்புல பொரிச்சோம். அப்புறம் லீக்ஸ் சூப்பு, பீட்ரூட் அல்வா. மூணுல ஒண்ணு சிங்களப் புத்தகம், அதை நித்யா வாசிச்சுச் சொல்லச் சொல்ல நான் கிண்டுவேன். அண்ணன் விரலை நக்கிக்கிட்டே, "இதெல்லாம் இந்த வீட்டுக்குள்ளேயா கெடந்துச்சு?"ன்னுச்சு. அன்னைக்கு ராத்திரி உங்க நெனப்புல சோத்தை அது தொடவேயில்ல.

சித்திரை வருசப்பொறப்புக்கு வட்டிலப்பம் வச்சோம். கருப்பட்டியைக் கரைச்சு, தேங்காப்பால் விட்டு, முட்டை அடிச்சு, தட்டுல ஊத்தி ஆவியில வேக வச்சு எறக்கினா, ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. மலைச்சரிவு கீழ எறங்குற பள்ளத்துப் பக்கம் ஒரு நகத்தளவு தடிப்பு கூடுதலா இருந்துச்சு. இதை நான் முன்னாடியும் ஒருதடவை பார்த்திருக்கேன் அண்ணி.

நித்யா புத்தகத்தைப் பக்கத்துல கொண்டாந்து, ஓரத்துல இருந்ததை வாசிச்சா. உங்க பென்சில் எழுத்து.

'பள்ளத்துப் பக்கம் ஒரு நூல் தடிப்பு.'

'அடுப்புக் கல்லை மாத்தி வச்சேன். அதே பக்கம்.'

'தட்டைத் திருப்பி வச்சேன். அதே பக்கம்.'

'சொன்னேன். சிரிக்கிறாங்க.'

அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல.

சிரிச்சது யாரு அத்தைன்னு கேட்டா. நான்தான்டி சண்டாளின்னு சொன்னேன். அஞ்சு வருசத்துக்கு முந்தின தீவாளி. நீங்க அந்தத் தட்டை எங்க முன்னால வச்சு, "சமையல் சாயல பாக்கியம், தரைதான் சாயுது"ன்னீங்க. நான், "சமைக்கத் தெரியலன்னா தரையைக் குத்தம் சொல்லுவீங்களா அண்ணி?"ன்னு கேட்டேன். அதோட விட்டேனா? மறுநாள் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்களத்துல கூடி நிக்கிறப்ப அத்தனை பொம்பளைங்ககிட்டயும் சொல்லி, உங்களுக்கு 'சாஞ்ச தட்டு'ன்னு பட்டப்பேரும் வச்சேன். மலையில கொழுந்து எடுக்குறப்ப ஒருத்தி கூப்பிடுவா, இன்னொருத்தி சிரிப்பா. நீங்க புத்தகங்களைப் பெட்டியில போட்டுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டீங்க.

அண்ணன் அன்னைக்கு ஒரு சப்பைக் கல்லை எடுத்து அடுப்புக்கு அண்டை குடுத்துச்சு. "இந்தா, சரியாப்போச்சு." எல்லாத்துக்கும் அப்படித்தானே நாம. அடுப்பு இருக்குற குசினிச் சுவத்துல வெடிப்பு விழுந்தா தீவாளிக்குத் தீவாளி சிமெந்தை அப்பி, மேல வெள்ளையடிச்சிருவோம். வருசா வருசம் அடைச்சதால அது எவ்வளவு வளந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. பின்கதவு இறுகினா சீவி விடுவோம். சோறும் குழம்பும் ரொட்டியும் சாஞ்சா யாருக்குத் தெரியும்? உங்க புத்தகத்துலதான் அசையாம உறையுற பண்டம் இருந்துச்சு.

சித்திரையில இருந்து நானும் நித்யாவும் உங்க புத்தகத்துல வேற எதுவும் சமைக்கல. ஞாயித்துக்கு ஞாயிறு அதே பக்கம், அதே தட்டு. முட்டை இல்லாத வாரம் சவ்வரிசியைக் காய்ச்சி ஊத்தினோம். புள்ள தட்டோட உள்பக்கத்துல ஆணியால கோடு போட்டா. வைகாசி கடைசியில ஒரு நகம் ஒரு விரக்கடை ஆச்சு. மலை ஊத்துல இருந்து பீலியில விழுற தண்ணி தேத்தண்ணி நெறத்துல கலங்கி வந்துச்சு. அண்ணன்கிட்டச் சொன்னா, "வர்ற தீவாளிக்கு நல்லா சிமெந்து வச்சுப் பூசிருவோம்"னுச்சு.

இந்த மழை தொடங்கின அன்னைக்கே கிராம சேவகர், நம்ம ஜி.எஸ். ஐயா, ஆள் அனுப்பி, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னாரு. ஒருத்தரும் அசையல. போன தடவையும் போயி நாலு நாள் பெஞ்சுல கெடந்துட்டு, வெயில் வந்ததும் திரும்பி வந்தவங்கதானே. அண்ணன் உங்க படத்துக்கு முன்னால விளக்கை ஏத்தி வச்சுட்டு, "அவ இங்கதான் இருக்கா. நான் எங்க போறது?"ன்னுச்சு.

முந்தாநேத்து மத்தியானம் ஈர வெறகை ஊதி ஊதி, கடைசியா ஒரு வட்டிலப்பம் வச்சேன். வெட்டல. தட்டையும் உங்க புத்தகத்தையும் அண்ணன் முன்னால வச்சேன். இத்தனை வருசமா தோட்டத்துல தண்ணி வடியக் கான் வெட்டுற மனுசன். மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு ஒரு போத்தலைப் படுக்க வச்சு வாட்டம் பார்த்துத்தான் மண்வெட்டியைப் போடும். சொந்தக் குசினியில மட்டும் அந்தப் போத்தலை அது வச்சதேயில்ல.

உங்க எழுத்தை ரெண்டுதரம் வாசிச்சுச்சு. பாதித் தண்ணி விட்ட போத்தலை அடுப்புத் திண்டுல படுக்க வச்சு, குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்துச்சு. கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இதை எப்ப எழுதினா?" சொன்னேன். எந்திரிச்சுப் பின்பக்கம் போச்சு. திரும்பி வந்தப்ப முழங்கால் வரைக்கும் சேறு.

"பாக்கியம், கோழிக்கூட்டுக்குப் பின்னால நெலம் வாயைத் தொறந்து கெடக்கு. கால் உள்ள போவுது. புள்ளையைக் கூட்டிக்கிட்டு இப்பவே கெளம்பு."

ஜி.எஸ். சொல்லி அசையாத லயம், அண்ணன் கதவைத் தட்டினதும் கெளம்புச்சு. யாருக்கும் சாமான் எடுக்க நேரமில்ல. நித்யாவோட சர்டிபிகேட்டு, அடையாள அட்டைங்க, ஒரு போர்வை. ஓடுற ஓட்டத்துல உங்க மூணு புத்தகத்தையும் மாராப்புக்குள்ள அணைச்சுக்கிட்டேன். அதுதான் ஞாபகம் வந்துச்சு. படம் ஞாபகம் வரல.

இன்னைக்குக் காலையிலதான் அண்ணன் மூட்டையைக் கொடைஞ்சு தேடுச்சு. "அவளை விட்டுட்டு வந்துட்டியா?"

"படம்தானேண்ணே"ன்னு குறுக்க நின்னேன். கையைப் புடிச்சேன், கத்தினேன், நித்யா காலைக் கட்டிக்கிட்டா. "வட்டிலப்பம்தானேன்னு அன்னைக்கும் விட்டோம்"னுச்சு. அரை மணித்தியாலத்துல வந்துருவேன்னு கோணிச்சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு எறங்கிருச்சு.

இப்ப மத்தியானச் சோத்துப் பார்சல் குடுத்து முடிச்சிட்டாங்க. அண்ணனோட பார்சலை என் மடியிலதான் வச்சிருக்கேன். கொஞ்சம் முன்னாடி லயத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம், நாலஞ்சு லொறி சேர்ந்தாப்புல மண்ணு கொட்டின மாதிரி. இடின்னு நித்யாகிட்டச் சொன்னேன். அவ என் மூஞ்சியைப் பார்த்தா, நம்பல. அஞ்சாறு ஆம்பளைங்க மண்வெட்டியோட எறங்கிப் போயிருக்காங்க. பனி அடைச்சுக் கெடக்கு அண்ணி, ரோட்டு வளைவுக்கு அங்கிட்டு ஒண்ணுமே தெரியல.

அண்ணன் உங்களைத் தேடித்தான் வந்துச்சு. படத்தைக் கையில குடுத்து அனுப்பிருங்க. கூட வச்சுக்காதீங்க. என் மேல கோவம்னா என்மேலயே காட்டுங்க, நியாயம்தான். உங்க புள்ளைக்கு அப்பன் ஒருத்தர்தான் மிச்சம். இன்னைக்கு ஒருநாள் நான் சொல்றதைக் கேளுங்க அண்ணி, நீங்க சொன்னதை நான் கேக்காம விட்டதை மனசுல வச்சுக்காம.

எங்கயாவது ஒரு சமதரையில எங்களுக்கு ஒரு அடுப்பு அமையும். அன்னைக்கு முதல் வேலையா உங்க புத்தகத்துல அந்தப் பக்கத்தைத் தொறப்பேன். நாலு பக்கமும் ஒரே மட்டமா உறையுற வரைக்கும் செய்வேன். உறைஞ்சதும் 'சிரிக்கிறாங்க'ன்னு நீங்க எழுதினதுக்குக் கீழ, என் கையால எழுதுவேன், அண்ணி சொன்னது நெசம்னு. அப்புறம் வெட்டி மூணு தட்டுல வைப்பேன். நித்யாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு.

மூணு தட்டு அண்ணி. ரெண்டு வைக்க விட்டுறாதீங்க.

ஆறிப்போன சோத்துப் பார்சலை மடியில வச்சுக்கிட்டு, ரோட்டு வளைவையே பார்த்துக்கிட்டிருக்குற
உங்க நாத்தனா,
பாக்கியம்