பெயர் கேட்கும் பெட்டி

புது மடிக்கணினியை உறையிலிருந்து எடுத்தபோது வந்த பிளாஸ்டிக் மணம் இன்னும் அறையில் நிற்கிறது. நீ இருந்திருந்தால் அதன்மேல் மூக்கை வைத்து ஒருமுறை இழுத்துவிட்டு, "பணக்கார மணமடி" என்றிருப்பாய். முதலாளி சேர் நேற்றுப் பின்னேரம் இதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் கொக்குவில் அலுவலகத்துக்குள் புதிதாக வந்த முதல் கணினி இதுதான். நீயும் நானும் உருட்டியதெல்லாம் யாரோ பாவித்துக் களைத்துவிட்ட பழசுகள்.

இன்று சனிக்கிழமை. நான் மட்டும்தான் வந்திருக்கிறேன். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் வேர்ஷன் கொன்ட்ரோலை இதில் புதிதாக ஏற்றினேன். ஏற்றி முடிந்ததும் திரையில் இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்றில் பெயர் வேண்டுமாம், மற்றதில் மின்னஞ்சல். தராவிட்டால் ஓர் அடி நகரமாட்டேன் என்று நிற்கிறது. என் கையும் நின்றுவிட்டது. ஏழு வருடங்களுக்கு முன் இதே இரண்டு பெட்டிகளுக்கு முன்னால்தான் நீ சேரோடு முதல் சண்டை பிடித்தாய்.

அன்று எங்கள் இருவருக்கும் இரண்டு கதிரை, ஒரு கணினி. மற்றக் கணினி மின்னல் அடித்துச் செத்துப்போயிருந்தது. நல்லூரிலுள்ள ஒரு ரியூசன் நிலையத்துக்கு வரவுப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்கு ஒரு மெசேஜ் போகவேண்டும், அவ்வளவுதான். செய்ததையெல்லாம் பென்டிரைவில் போட்டு 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் நீ திருத்தியதன்மேல் நான் பழையதைத் தூக்கிப்போட்டு, உன் இரண்டு நாள் வேலையை நாசமாக்கினேன். நீ ஏசவில்லை. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று வரிசையாக எழுதிவைக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டே ஆகவேண்டும் என்று நின்றாய்.

"ஒரு கொப்பியிலை எழுதி வைச்சாக் காணாதோ?" என்று சேர் கேட்டார்.

"காணாது, சேர். கொப்பி எப்பிடிப் போதும்?" என்றாய்.

அதை ஏற்ற எங்களுக்கு ஒரு பகல் முழுவதும் போனது. ஜன்னல் கம்பியில் இணையம் தரும் டொங்கிளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். பக்கத்துத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போதெல்லாம் ஜன்னல் அதிர்ந்து, டொங்கிள் ஆடி, இணைய இணைப்பு அறுந்துவிடும். பாதி இறங்கியதெல்லாம் வீணாகப் போக, திரும்ப முதலில் இருந்து தொடங்குவோம். மூன்றாம் தரம் அறுந்தபோது நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். நீ டொங்கிளைக் கையில் பிடித்தபடி ஜன்னலடியில் முக்கால் மணித்தியாலம் நின்றாய். அன்று வெள்ளிக்கிழமை. குருநகரில் இருந்து நீ கொண்டுவந்த மீன்பொரியலை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் சாப்பிட்டாய். "விரதக்காரி, இஞ்சாலை பாராதை" என்று வேறு சொன்னாய்.

பிறகுதான் அந்தப் பெட்டிகள் வந்தன. சேர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"கொம்பனியின்ரை பேரைப் போடுங்கோ. ரெண்டு பேரும் அதிலையே வேலை செய்யலாம்."

நான் 'ஓம் சேர்' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். என் சுபாவம் அதுதானே, கேட்டு முடிய முதலே ஓம் சொல்லிவிடுவேன். நீ அதற்குள் உன் பெயரை அடித்துவிட்டாய்.

"செய்தது ஆர் எண்டெல்லோ, சேர், இது கேட்குது. கொம்பனிக்குக் கையிருக்கோ தட்டுறதுக்கு?"

"எல்லாம் எங்கடை வேலைதானே, பிள்ளை?"

"எங்கடை அப்பா தன்ரை வலை மிதப்பிலை அடையாளம் வெட்டி வைக்கிறவர், சேர். அள்ளுப்பட்டுப் போனாலும் ஆரின்ரை வலை எண்டு தெரியும்."

"இது கடலில்லைப் பிள்ளை."

"அள்ளுப்படாதெண்டு சொல்லுறியளோ?"

மேசைக்குக் கீழே உன் காலை மிதித்தேன். நீ திரும்பி மிதித்தாய். சேர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். உன் பெயர் அதிலே இருந்துவிட்டது.

ஒரு கணினிக்கு ஒரு பெயர்தான். நான் உட்காரும்போது என் பெயரை மாற்றிப் போடவேண்டும், நீ உட்காரும்போது உன்னுடையதை. அப்படித்தான் பேசிக்கொண்டோம். நீ ஒழுங்காகச் செய்தாய். நான் இன்று போடலாம் நாளை போடலாம் என்று விட்டேன். பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறை நான் பிழையாக எழுதிய குறிப்பொன்றை வரிசையில் இருந்தே எடுத்துவிட வழி தேடியபோது, என் கையைத் தட்டிவிட்டாய். "அழிக்காதை. மேலை எழுது" என்றாய். அந்த மென்பொருளைப் பற்றி நான் எங்கும் படித்ததெல்லாம் உன் மூன்று சொல்லுக்குள் அடங்கும்.

அடுத்து அந்தச் சனிக்கிழமை வந்தது. மெசேஜ் அனுப்பும் பகுதியை நான் திருத்திப் பதிந்துவிட்டுச் சோதித்துப் பார்க்கவேண்டும். எங்கள் இருவரின் தொலைபேசி எண்களை மட்டும் வைத்துச் சோதிப்பதுதான் வழக்கம். அன்று நான் பெற்றோரின் உண்மைப் பட்டியலை மாற்றாமலே தட்டிவிட்டேன். 'உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்குச் சமூகமளிக்கவில்லை' என்று அத்தனை வீட்டுக்கும் போய்விட்டது. பிள்ளைகளோ வகுப்புக்குள் குந்தியிருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு அனுப்பக்கூடிய மெசேஜா அது? கால் மணித்தியாலத்துக்குள் ரியூசன் வாசலில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் குவிந்துவிட்டனவாம். ஓர் அம்மா குழம்புக் கையோடு வந்து, "நான்தானே இறக்கிப்போட்டுப் போனனான், என்ரை பிள்ளை எங்கை?" என்று கத்தினாவாம். ஓர் அப்பா பூவரசந்தடி முறித்துக்கொண்டே வந்தாராம். அன்று உண்மையாகவே வராமல் இருந்தவன் ஒரே ஒருவன். கிரிக்கெட் விளையாடப் போனவன் எங்கள் புண்ணியத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டான். அதை நினைத்துப் பிறகு நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

ஆனால் அன்று பகல் சிரிக்கவில்லை. ரியூசன்காரரைக் கூட்டிக்கொண்டு சேர் வந்தார். வேர்ஷன் கொன்ட்ரோலைத் திறந்து, கடைசியாக மாற்றியது யார் என்று பார்த்தார். நான் மாற்றிப் போடாததால் உன் பெயர் இருந்தது. நீ எழுந்து நின்றாய். அந்த மனிதர்கள் இருவரும் உன்னை ஏசிய ஏச்சை நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டேன். 'அது நான்' என்று சொல்ல இரண்டு சொல் போதும். என் நாக்கு எழும்பவில்லை. நீயும் என் பக்கம் திரும்பவில்லை.

அவர்கள் போனதும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பயத்தில், அந்தப் பெட்டியைத் திறந்து, முதன்முதலாக என் பெயரைப் போட்டேன். பிழை போனபிறகு போட்ட பெயர்! நீ முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். பெயரைப் பார்க்கவில்லை. இனி ஒரு மெசேஜும் கேட்காமல் போகக்கூடாது என்று ஒரு கேள்வியை எழுதினாய். அனுப்பத் தட்டினால் திரை முதலில் கேட்கும்: 'வடிவாப் பாத்தனீங்களோ?' 'சரியாகப் பார்த்தீர்களா' என்று எழுத்துத் தமிழில் கேட்டால் ஒருவரும் வாசிக்காமல் தட்டிவிடுவார்கள், வீட்டில் கேட்பதுபோல் கேட்டால்தான் கை நிற்கும் என்றாய். அது என் பெயரில் பதிவாகிவிட்டது.

திங்கட்கிழமை சேர் என்னைப் புகழ்ந்தார். ரியூசன்காரருக்கு அந்தக் கேள்வி நன்றாகப் பிடித்துவிட்டதாம். அன்று பின்னேரம் உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எனக்குத் தெரியுமடி" என்றாய். "என்ரை பேரிலை கிடக்கு, ஏச்சு எனக்குத்தானே. விடு, விசரி."

நான் விட்டேன். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. அடுத்த வருடம் வெளிநாட்டில் இருந்து ஒரு வேலை வந்தபோது அதற்கு என்னைப் பொறுப்பாக வைத்தார்கள். உன்னை ரியூசன்காரரின் தொலைபேசிக்குப் பதில் சொல்ல வைத்தார்கள். "அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, ஆனா அவசரக்காரி" என்று சேர் சொன்னார். உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு, கேட்டுக்கொள். என் பிழையைத் தூக்கிச் சுமக்க உன்னை யார் கேட்டது? கொம்பனியின் பெயரைப் போடமாட்டேன் என்று சேரின் முகத்துக்கு நேரே சொன்னவள், ஏன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றாய்? எனக்கு வேலை போனால் உடுப்பிட்டியில் இருந்து இவ்வளவு தூரம் பஸ் ஏற வீட்டில் இனி விடமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அதுதானே?

நானே ஒருநாள் சேரிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த மாதம், பொங்கலுக்குப் பிறகு, இந்த வேலை முடிந்த பிறகு என்று தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு வருடங்களுக்கு முன் மார்கழி மழையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஐந்து நாள். நீ எனக்குத் தவணை தரவில்லை.

நேற்று சேர் இந்த மடிக்கணினியை வைத்துவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னார். எங்கள் வரவுப் புரோகிராமை வெளிநாட்டில் ஒரு கொம்பனி வாங்கப்போகிறது. அதன் வரலாறு முழுவதையும் அவர்கள் பார்ப்பார்கள்.

"இதிலை உந்த வேர்ஷன் கொன்ட்ரோலைப் போட்டு, பழைய பேருகளை எடுத்துவிடும், பிள்ளை. எல்லாம் கொம்பனியின்ரை பேரிலை வரட்டும். போன ஆக்களின்ரை பேர் கிடந்தா, நாளைக்கு வீட்டுக்காரர் உரிமை கேட்டும் வரலாம்."

என்னால் அது முடியும். நாலைந்து வரி எழுதினால், நீ இங்கே வேலை செய்த ஐந்து வருடமும் உன்னுடையதாக இல்லாமல் போய்விடும். நான் பேசாமல் இருந்தேன். பழைய பழக்கம். அவர் போகும்போது, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து ஒன்று சொன்னார்.

"அந்தப் பிள்ளையும் பெரிய பிழை விட்டது தானே. அதுவும் அதோடை போகட்டும்."

அவர் வளவைத் தாண்டி வாசல் படலையைத் திறந்துவிட்டார். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

"சேர், அந்தப் பிழை விட்டது நான்."

"எது?"

"ரியூசன் மெசேஜ். நான்தான் அனுப்பினனான். நீங்கள் என்னைப் புகழ்ந்த வேலை அவள் செய்தது."

அவர் படலையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "ஆறேழு வரியத்துக்கு முந்தினதை இப்ப ஏன் கிண்டுறீர்? செத்த பிள்ளைக்கு உது தெரியப்போகுதே?"

"எனக்குத் தெரியும், சேர். நான் அவளின்ரை பேரை எடுக்கமாட்டன்."

"அப்ப திங்கக்கிழமை வேற ஆளைக் கொண்டு எடுப்பிப்பன்."

"எடுப்பியுங்கோ. என்ரை பேரையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கோ. அதோடை நானும் போறன்."

இவ்வளவையும் என் வாய்தான் சொன்னது. உள்ளே வந்து கதிரையில் இருந்த பிறகுதான் பயம் வந்தது. உனக்கும் அன்று பயம் இருந்திருக்குமோ என்று முதல்முறையாக யோசித்தேன்.

இப்போது பெட்டி காத்துக்கொண்டிருக்கிறது. முதலில் உன் பெயரைத்தான் அடித்தேன், ஒரு ஆசைக்கு. பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தேன். இன்னொரு தரம் என் வேலையை உன் தலையில் கட்டமாட்டேன். என் பெயரைப் போட்டேன். கொம்பனியைப் போடவில்லை.

வரலாறு முழுவதும் இந்த மடிக்கணினிக்குள் இறங்கியது. இப்போது டொங்கிளைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கத் தேவையில்லை, ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது. கீழே கீழே போனேன். அந்தச் சனிக்கிழமை அங்கேயே இருக்கிறது. உன் பெயரில் என் பிழை, அதற்கு மேலே என் பெயரில் உன் கேள்வி. ஒன்றையும் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒரு பதிவு எழுதினேன்:

'ரியூசன் பெற்றோருக்குப் பிழையான மெசேஜ் அனுப்பியது நான். அது அவளுடைய பெயரில் கிடக்கிறது. அனுப்பமுதல் கேட்கும் கேள்வியை எழுதியது அவள். அது என் பெயரில் கிடக்கிறது. அன்று நான் வாய் திறக்கவில்லை. இந்தப் புரோகிராமில் பாதி அவளுடைய கை.'

இங்கே 'அவள்' என்று வரும் இடமெல்லாம் பதிவில் உன் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன். இதை அனுப்பினால் சேர் மட்டும் பார்க்கமாட்டார், வாங்க வந்தவர்களும் பார்ப்பார்கள். அவர்களுக்குத் திறந்து பார்க்க அனுமதி கொடுத்தாயிற்று. அதன்பிறகு உன்னைச் சத்தமில்லாமல் எடுத்துவிட முடியாது. திங்கட்கிழமை எனக்கு இந்தக் கதிரை இல்லாமல் போகலாம். போகட்டும். கொப்பியிலே எழுதினால் காணாது என்று சொன்னவளிடம் படித்தவள் நான், வேறு எங்காவது போய் உட்கார்ந்து தட்டுவேன். எங்கே போனாலும் முதலில் என் பெயரைத்தான் போடுவேன், பிழை விடமுதலே.

அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தேன். இந்த மென்பொருள் உன்னைப்போல் ஒன்றும் கேட்பதில்லை, தட்டினால் போய்விடும். ஆனாலும் விரல் தானாக நின்றது. மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தேன்.

ஓமடி, வடிவாப் பாத்தனான். அனுப்பிப்போட்டன்.