நான்கு விழுக்காட்டு ரசீது

ஜெபல் அலி, துபாய்
வெள்ளி காலை

அன்புள்ள உமாபதி சாருக்கு, கோபாலசாமியின் வணக்கம்.

நோயாளி வாங்கும் மருந்துக்கும் வரி போடலாமா என்று போன வாரம் ரசீதின் படத்தோடு கேட்டிருந்தீர்கள். முப்பது வருடம் பொருளாதாரம் நடத்தியவனிடம் கணக்கு வாத்தியார் கேட்கும் கேள்வி. விடுவேனா?

உங்கள் மிசூரியில் மருத்துவக் கஞ்சாவுக்கு மாநில வரி நூற்றுக்கு நான்கு. பக்கத்து இல்லினாயில் மற்ற மருந்துகளைப் போல ஒன்றுதான். உங்கள் நான்கு, நிர்வாகச் செலவு போக, முன்னாள் படைவீரர்களின் வைத்தியத்துக்குப் போகிறது. நம் பள்ளியில் லேப் ஃபீஸ் வாங்கி லேபுக்கே செலவழித்தார்களே, அந்த மாதிரி. ஆனாலும் வலியில் இருப்பவரிடம் ஒன்று வாங்கினால் போதும் என்பதே என் கட்சி.

பாடம் முடிந்தது. அந்த ரசீதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன் சார். பிருந்தா பெயர், கஞ்சா எண்ணெய்ப் புட்டி, விலை, வரி. வயிறு எரிந்தது. நம் மனைவியர் இருவருக்கும் ஒரே புற்றுநோய், ஒரே வருடம். பிருந்தா தூங்குகிறார், மாலையில் நடக்கப் போகிறார். என் ஜெயபாரதிக்குக் கீமோவுக்குப் பிறகு பாதத்தில் போர்வை பட்டாலே துடிப்பு. குறை சொல்ல உங்களுக்கு ஒரு வரி இருப்பதே எனக்குப் பொறாமையாக இருந்தது.

செவ்வாயன்று பெண்கள் இருவரும் பேசினார்கள். ஊருக்குப் போகும் வழியில் இங்கே இறங்கும்போது இட்லிப் பொடி வருமாம், பொடிக்குள் அந்தப் புட்டியும் வருமாம். உன் வாத்தியாரிடம் மூச்சு விடாதே, சட்டம் நடத்த ஆரம்பித்துவிடுவார் என்று பிருந்தா சிரித்தாராம். டாக்டர் சீட்டு இருக்க என்ன பயம் என்றாராம். நாமெல்லாம் ஊர் மாத்திரைகளைப் பொடியில் புதைத்துக் கொண்டுவந்த தைரியம்! இங்கே அந்த எண்ணெயை வைத்திருப்பதே குற்றம், அமெரிக்கச் சீட்டு செல்லாது. பிடிபட்டால் பிருந்தா உள்ளே, இங்கே எங்களை வைத்திருக்கும் எங்கள் மகன் முகிலனின் விசாவும் போகும்.

ஜெயபாரதி அன்றே என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. மூன்று நாள் உங்களுக்கும் எழுதவில்லை. எழுதாவிட்டால் அந்தப் புட்டி வந்து சேர்ந்துவிடும் அல்லவா?

இன்று அவளே முடித்துவைத்தாள். பிருந்தாவை ஜெயிலில் போய்ப் பார்க்கத் தன் காலால் ஆகாதாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடித்தால் போதுமாம். போனிலும் சொல்லிவிட்டாள். பிருந்தா சரி என்ற வேகம்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அவர் நன்றாக இருக்கட்டும் சார். பொறாமையோடுதான் சொல்கிறேன், மனதாரவும் சொல்கிறேன்.

கிளம்பும் அன்று அந்தப் பொடி டப்பாவில் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிப் பாருங்கள்.

உங்கள்
கோபாலசாமி