மூடுபனியில் பேசிய சம்பந்தம்

ஹரோ, இலண்டன்
11.01.2025

மதிப்புக்குரிய செல்வமணி ரீச்சருக்கு,

நாங்கள் நலம். நீங்களும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். நான் யனுஷனின் அம்மா சந்திரவதனா. தொலைபேசியிலேயே கதைத்திருக்கலாம். ஆனால் நான் எடுத்தால் என் மகன் பக்கத்தில் வந்து நிற்கிறான். உங்கள் மகள் நிரோஷாவோ, “ஆன்ட்டி, ஸ்பீக்கர்ல போடுங்க” என்கிறாள். அவர்கள் காது கொடுத்துக் கேட்க இரண்டு தாய்மார் என்னத்தைக் கதைப்பது? அதனால்தான் பேனா எடுத்தேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்புவது உங்களுக்கும் தெரியும். இங்கே ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடித்து நிரோஷா எங்கள் வீட்டுக்கு வந்தால் புட்டு அவித்து வைத்திருப்பேன். சம்பலில் உறைப்புக் காணாது என்று என் வீட்டிலேயே எனக்குச் சொல்கிற ஒரே ஆள் அவள்தான். எனக்குப் பிடித்த பிள்ளை.

பெப்ரவரியில் வருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து என் அண்ணை இராசரத்தினமும் மச்சாளும் வான் பிடித்து வருவார்கள். பெண் பார்க்க வருகிறோம் என்று நினைக்க வேண்டாம். பெண்ணைத்தான் கிழமைக்குக் கிழமை பார்க்கிறேனே. உங்களைப் பார்க்கத்தான் வருகிறேன். வீட்டுக்குள் எதிரும் புதிருமாக இருந்து பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வராது. ஹோர்ட்டன் சமவெளியை நான் இந்த வயது வரை பார்த்ததில்லை. கூட்டிக்கொண்டு போவீர்களா? நடந்துகொண்டே கதைக்கலாம்.

அன்புடன்,
சந்திரவதனா


நானுஓயா
27.01.2025

அன்புள்ள சந்திரவதனா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் சிவப்புப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். பிழை ஒன்றும் இல்லை. சம்பலைப் பற்றி மகள் குறை சொன்னதற்கு மன்னியுங்கள். அது என் வளர்ப்பு.

சமவெளிக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும். அப்புறம் உலக முடிவு என்று சொல்கிற அந்தப் பாறை விளிம்பில் நின்றாலும் கீழே ஒன்றும் தெரியாது. அங்கே பள்ளத்தில் தெரிகிற தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில்தான் என் அம்மா கொழுந்து பறித்தார். நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில்தான். உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை.

சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்ற வேண்டாம், வாசலில் சோதித்து எடுத்துவிடுவார்கள். நானே வாழையிலையில் கட்டிக்கொண்டு வருகிறேன். லண்டன் குளிர் பழகியவர்கள் என்று சும்மா வந்துவிடாதீர்கள். ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்.

இப்படிக்கு,
செல்வமணி


ஹரோ
09.03.2025

அன்புள்ள செல்வமணி ரீச்சருக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். சப்பாத்தில் ஒட்டிய உங்கள் மலைச் சேற்றைக் கழுவ மனமில்லாமல் அப்படியே வைத்திருக்கிறேன். யனுஷன் சிரிக்கிறான்.

எங்கள் அண்ணையை என்ன செய்வது சொல்லுங்கள். நீங்கள் இருட்டோடு வந்து விடுதி வாசலில் நிற்கிறீர்கள். அவர் கோயிலுக்குப் போகாமல் பயணம் கிடையாது என்கிறார். கோயிலால் வந்தால் ஏழரை. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை இராகுகாலம், நல்ல காரியமாகப் போகிறோம், வான் அசையாது என்று கதிரையில் சாய்ந்துவிட்டார். நல்ல நேரம் பார்த்துப் போய் நாங்கள் பார்த்தது முழு வெள்ளை.

பொலித்தீன் கூத்து வேறு. நீங்கள் எழுதியதை மச்சாளுக்குப் படித்துக் காட்டினேன். அவ கேட்டால்தானே? வடைக்கு ஒரு பை, அந்தப் பைக்கு ஒரு பை, வாந்தி வந்தால் என்று இன்னொரு பை. வாசலில் நின்ற அந்தக் காவலர் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. நீங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் கண்டேன்.

ஆனாலும் சொல்கிறேன், அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்து எத்தனையோ வருடம். மரை மான் ஒன்று பனிக்குள்ளிருந்து வந்து, எங்களை நின்று பார்த்துவிட்டுத் திரும்பவும் பனிக்குள் போனது. மரக்கொப்புகளில் தொங்கிய பாசியை நீங்கள் தொட்டுக் காட்டினீர்கள், விரல் நனைந்துவிட்டது. உலக முடிவில் ஒன்றும் தெரியாதபோதும் கையை நீட்டி, “இந்தப் பக்கம்தான் எங்கம்மா கொழுந்து பறிச்ச தோட்டம்” என்றீர்கள். நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆவணியில் நாள் வைப்போமா? இங்கே மண்டபம் கிடைப்பது பெரும்பாடு. உங்கள் சம்மதம் வந்தால் உடனே தேடத் தொடங்கிவிடுவேன்.

அன்புடன்,
சந்திரவதனா


நானுஓயா
30.03.2025

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சிரிக்க வைத்தது. சரி என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் முடியவில்லை.

அன்றைக்குச் சமவெளிப் பூங்காவின் வாசலில் உங்கள் அண்ணனின் சிநேகிதர் ஒருவர் குடும்பத்தோடு நின்றார், நினைவிருக்கும். என்னைப் பார்த்து, யார் என்று கேட்டார். உங்கள் அண்ணன், “இடம் காட்ட வந்த மனிசி, இஞ்ச தோட்டத்து ஆள்” என்றார். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். ஒன்றும் சொல்லவில்லை.

தோட்டத்து ஆள் என்பது உண்மை. அதில் எனக்கு வெட்கமில்லை. யாழ்ப்பாணத்தார் எங்களைப் பார்க்கிற பார்வையும் எனக்குப் புதிதில்லை. உங்கள் அண்ணன் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிற ஒருவர் என் மகளைக் காட்டி இவள் யார் என்று கேட்டால், அன்றும் நீங்கள் இப்படித்தான் நிற்பீர்களா? அவள் அப்பாவும் உயிரோடு இல்லை. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற தூரத்திலும் நான் இல்லை.

உங்கள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதனால்தான் மனதில் வைத்துக்கொண்டு சிரிக்காமல் இதை எழுதினேன். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். யோசிக்க எனக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள்.

செல்வமணி


ஹரோ
19.04.2025

அன்புள்ள செல்வமணி ரீச்சருக்கு,

உங்கள் கடிதம் சுட்டது. ஓம், எனக்குக் காது கேட்டது. கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அண்ணைக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை என்று எழுதலாம். எழுதினால் நீங்கள் சிவப்புப் பேனாவால் வெட்டுவீர்கள், வெட்டத்தான் வேண்டும்.

அண்ணைக்கு எடுத்து, அன்றைக்கு வாசலில் சொன்னது பிழை என்று சொன்னேன். அவருக்கு முகம் கறுத்தது குரலிலேயே தெரிந்தது. ஆனால் தொலைபேசியை வைக்கவில்லை. அவரிடம் சொல்வது பெரிய காரியமில்லை, அவர் கடல் தாண்டி இருக்கிறார். நான் தினமும் முகம் கொடுக்க வேண்டிய சனம் இங்கேதான் இருக்கிறது.

நேற்று வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, சரியான கூட்டம். பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது எங்கள் தெருவில் இருக்கிற பிறேமினியின் தாய் என் கைபேசியை வாங்கி ஊருக்குப் போன படங்களைப் பார்த்தா. அவவுக்கு ஒன்று தெரிந்தால் இலண்டனின் மறுகோடி குரோய்டன் வரை தெரிந்த மாதிரி. வான்காரத் தம்பி எடுத்த படம் வந்தது. சுற்றிவரப் பனி, நடுவில் நீங்களும் நானும். “இதார் பக்கத்தில?” என்று கேட்டா.

“என்ர சம்மந்தி. செல்வமணி ரீச்சர். தாய் கொழுந்து பறிச்சு இவவைப் படிப்பிச்சவ” என்றேன்.

கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன். முன்னுக்கு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். தோட்டப் பக்கமோ என்று ஒருத்தி இழுத்தா. ஓம், நானுஓயா, வடிவான இடம், கலியாணம் முடிய நீங்களும் ஒருக்கால் போய்ப் பாருங்கோ என்றேன். அதற்குப் பிறகு சோற்றை வாங்கிக்கொண்டு போய் இருந்தேன். நல்லாகச் சாப்பிட்டேன்.

நீங்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. நான் இலண்டன் முழுக்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் மாட்டேன் என்றால் அடுத்த வெள்ளி அந்த வரிசையில் முகம் கொடுக்க ஏலாமல் நிற்கப் போவது நான்தான். அது உங்கள் கையில். அவசரப்படுத்தவில்லை.

அன்புடன்,
சந்திரவதனா


நானுஓயா
11.05.2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எந்த வரிசையிலும் உங்களைத் தலை குனிந்து நிற்க விடமாட்டேன். ஆவணியிலேயே நாள் பாருங்கள். விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். உங்கள் அண்ணனையும் மச்சாளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம். நிரோஷாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. போனில் சொல்லலாம் என்று எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். நல்ல செய்தி கேட்டால் அவளுக்கு அழுகை வந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீங்களே சொல்லுங்கள். எட்ட நின்று சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். முதுகைத் தடவிக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுவாள்.

உங்கள்,
செல்வமணி