முனையைத் தாண்டினால் நின்றுவிடுகிற எஞ்சின்

பிப்ரவரி 9

இன்றும் நின்றுவிட்டது. துறைமுகத்துக்குள் சமர்த்தாக ஓடுகிற படகு எஞ்சின், முனையைத் தாண்டி அலை தூக்க ஆரம்பித்ததும் இருமி, புகை கக்கி, செத்துப்போகிறது. வேறொரு படகில் கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள். காபிக் கடை முழுக்க வேடிக்கை பார்த்தது. நாசமாய்ப் போகட்டும்!

பிப்ரவரி 10

பண்டெலிஸ் ஆலிவ் கொட்டையைத் துப்பிவிட்டு ஆரம்பித்தார். "படகை உடைக்கக் குடுத்துருவோம் எவ்டோகியா. எல்லாரும் குடுத்துட்டாங்க. உடைச்சா அரசாங்கம் ஏதோ காசு தருது."

நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கரையில் உட்கார்ந்திருக்கும் மனுஷன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் படகில்தான் இருவரும் வலை இழுத்தோம். இப்போது நான் தனியாக இழுக்கிறேன். அந்தப் படகை ஜேசிபி வைத்து நொறுக்கச் சொல்கிறார், என் புருஷன்!

ஆத்திரத்தில் வாயை விட்டுவிட்டேன். தவக்காலம் தொடங்குவதற்குள் ஓடாவிட்டால் உடைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று. ஏன் சொன்னேன்?

பிப்ரவரி 12

மெக்கானிக் சரண்டிஸ் வந்தான். படகைக் கரையில் கட்டிப்போட்டபடியே எஞ்சினை ஓட்டிப் பார்த்தான். "நல்லாத்தானேக்கா ஓடுது?" பிறகு, "நாசில் போயிருக்கும், பம்ப் போயிருக்கும். உங்க வயசுக்கு இது தேவையா? விட்டுத் தள்ளுங்க."

என் வயசை எவன் கேட்டான்? விரட்டிவிட்டேன்.

பிப்ரவரி 14

ஃபில்டர் புதிது. செம்பு வாஷர்கள் புதிது. டீசல் லைனில் சிக்கிய ஏரை வெளியே எடுத்தேன், நகம் பெயர்ந்தது. முனையில் நின்றது.

பிப்ரவரி 15

யோசி. அலையில் மட்டும் ஏன்? நாசில் போயிருந்தால் கரையிலும் புகைய வேண்டும். ஏர் இழுத்தால் கரையிலும் நிற்க வேண்டும். படகு ஆடினால் டேங்க்கும் ஆடும் — அடியில் கிடக்கிற எதுவோதான் கலங்கி மேலே வருகிறது.

பிப்ரவரி 16

டேங்க்கின் அடிக்குழாயைத் திறந்து கண்ணாடி ஜாடியில் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் பிரிந்தது. மேலே டீசல், கீழே தண்ணீர். ஜாடி ஜாடியாகத் தண்ணீர்! மூடி இறுக்கமாக இருக்கிறது, மழை இறங்க வழியில்லை. யாரோ ஊற்றியிருக்கிறார்கள். இந்தப் படகு ஓடக்கூடாது என்று நினைக்கிறவர் ஊரிலேயே ஒருவர்தான்.

ஜாடியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"யோவ், நீயா ஊத்துன?"

"ஆமா."

கை ஓங்கிவிட்டேன். அப்போதுதான் ஜாடிக்குள் கறுத்துக் கிடந்த இலையைப் பார்த்தேன். திருநீற்றுப்பச்சிலை. ஜனவரியில், பாதிரியார் சிலுவையைக் கடலில் எறிகிற திருநாளன்று கோவிலிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவோமே, அந்தத் தீர்த்தத்தில் மிதக்கிற இலை.

"டீசல்ல தண்ணி கலந்தா என்ன ஆகும்னு தெரியாதா உனக்கு?"

"தண்ணின்னா ஊத்துவேனா? அது தீர்த்தம். படகு மேல தெளிச்சேன், பத்தாதுன்னு தோணுச்சு. எங்க அக்கா வீட்டுப் பாட்டிலையும் சேத்து ஊத்துனேன்."

"நடுக்கடல்ல எஞ்சின் நின்னு நான் செத்திருந்தா?"

"அந்தப் பயத்துலதானே ஊத்துனேன்!" ஜாடியைத் தள்ளி வைத்தார். "டாக்டர் வலை இழுக்காதேன்னுதான் சொன்னாரு. படகுல ஏறாதேன்னு சொன்னது நீ. கரையில நின்னுக்கிட்டு நான் வேற என்னத்தச் செய்ய?"

கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17

டேங்க்கைக் காலி செய்து துடைத்தேன். கோபம் தீரவில்லை. அவர் சொன்னது உண்மை, அதனால் இன்னும் கூடுகிறது.

பிப்ரவரி 19

"வலையைத் தொட்டா கையை ஒடிச்சுருவேன்" என்று சொல்லித்தான் அவரை ஏற்றினேன். எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டார். முனையில் அலை தூக்கியது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் மூச்சுவிடாமல் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். ஓடியது. சனியன், ஓடியேவிட்டது!

திரும்பும்போது சுக்கான் அவர் கையில். கரையிலிருந்து சரண்டிஸ், "எப்பண்ணே உடைக்கக் குடுக்குறீங்க?" என்று இளித்தான்.

"வாயை மூடிக்கிட்டுக் கயித்தப் புடிடா!" என்று கத்தி, கயிற்றை அவன் மூஞ்சிக்கே வீசினார்.

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.