உங்கள் வடக்குப் பேச்சு

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

பெயர் சொல்லிக் கூப்பிடு என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் மனைவி கணவரை இப்படித்தான் கூப்பிடுவாள் என்று நான் விளக்கியும், வேல்ஸிலிருந்து வந்த உங்கள் அப்பா அதை நான் உங்களுக்கு வைத்த செல்லப்பெயர் என்றே கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தார். இப்போது அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை.

மாமாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு அவருடைய மறதி முற்றிவிட்டது. இந்தக் குளிர்காலத்தோடு ஆங்கிலம் அடியோடு போய்விட்டது. மிச்சம் அவருடைய தாய்மொழி வெல்ஷ் மட்டும், அதுவும் உங்கள் ஊரின் வடக்குப் பேச்சு. நான் சாப்பிடச் சொன்னால் சுவரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். சின்ன வயதில் நீங்கள் கதைத்துப் பழக்கிய நாலு சொல்லை வைத்துக்கொண்டு நம் மகள் நிலாதான் அவருக்கு ஊட்டிவிடுகிறாள். அவளும் பெப்ரவரியில் தெற்கே தூரத்தில் இருக்கும் டனீடினுக்குப் படிக்கப் போய்விடுவாள். அதற்குப் பிறகு அவர் யார் சொல்லிச் சாப்பிடுவார்?

அங்கே இங்கே விசாரித்து, வெல்ஷ் தெரிந்த ஓர் அம்மாவை இதே நகரத்தின் த்ரீ கிங்ஸில் கண்டுபிடித்தேன். தங்கமான மனுஷி. கேக் எல்லாம் செய்துகொண்டு நம் கிளென் ஈடன் வீட்டுக்கு வந்தார். ஆனால் அவர் தெற்கு வேல்ஸ். பாலை ‘லைத்’ என்று சொல்லி நீட்டினார். உங்கள் வீட்டில் அது ‘லெவ்ரித்’ அல்லவா? நீங்கள் ‘ரூவன்’ என்று சொல்லும் ‘இப்போது’ அவர் வாயில் ‘நவ்ர்’ ஆகிவிட்டது. மாமாவுக்குப் புரியாமல் இல்லை. வேறு ஊர்க்காரி யாரோ தன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்று பயந்து, கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வந்தவர் கண் கலங்கித் திரும்பிப் போனார்.

வெல்ஷ் என்றால் வெல்ஷ்தானே என்று நினைத்தேன் பாருங்கள், அதுவும் நான்! என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பிள்ளையை அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பிள்ளை நல்ல தமிழில் அன்பாகத்தான் கேட்டாள். அம்மா வாயே திறக்கவில்லை. அவள் போன பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, “அது எங்கட ஆள் இல்லை” என்று மெல்லச் சொன்னா.

அதற்குப் பிறகுதான் நிலாவுக்கு உங்கள் குரல் ஞாபகம் வந்தது. வேலை முடிந்து ரயில் ஏறும்போது மாமாவுக்குப் போடச் சொல்லி நிலாவுக்குக் குரல் பதிந்து அனுப்புவீர்களே, ‘லெவ்ரித்தைக் குடித்துவிட்டு இருங்கள், ரூவன் வீட்டுக்கு வருகிறேன்’ என்று. அதில் ஒன்று அவளுடைய போனில் இருந்தது. போட்டுக் காட்டினாள். மாமா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நாங்கள் இரண்டு பேரும் குசினியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். அதிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அதே குரல்தான்.

நீங்கள் வருகிறேன் என்று சொன்னதை நாங்கள் யோசிக்கவில்லை. மாமா யோசித்தார். முதலில் யன்னலடியில் இருந்து பார்த்தார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். போன கிழமை நான் சோற்றை வடித்துவிட்டுத் திரும்பினால் கதவு திறந்து கிடக்கிறது. ஸ்டேஷனடியில் டெய்ரி என்கிற சின்னக் கடை வைத்திருக்கும் மன்னார்த் தம்பிதான் அவரைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து விட்டான்.

“அக்கா, கேட் மூடுற மணி அடிக்குது, இவர் தண்டவாளத்துக்குக் கிட்ட அசையாமல் நிக்கிறார். வாற ரயிலைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டவர்.”

அந்தப் பதிவை அழித்துவிடட்டுமா என்று நிலா கேட்டாள். போனைப் பறித்து வைத்துக்கொண்டேன். என்னால் எப்படி முடியும்? மாமாவுக்குப் போடுவதைத்தான் நிறுத்தினேன். நிறுத்தியதும் நிலா ஊட்டினாலும் வாங்காமல் பட்டினி. அதனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, நானே பாடமாக்கினேன். ஒவ்வொரு சொல்லையும் நீங்கள் இழுக்கிற மாதிரியே இழுத்தேன்.

நேற்றுப் பின்னேரம் மாமாவுக்கு முன்னால் இருந்து சொன்னேன். வருகிறேன் என்ற பகுதியைக் கவனமாக விட்டுவிட்டேன். லெவ்ரித், ரூவன், அவ்வளவுதான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு முழுக்கக் குடித்தார். இனி நிலா போனாலும் சமாளித்துவிடுவேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

குடித்து முடித்தவர் எழுந்து போய்த் தன் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் என்னுடைய கோட்டும் இருந்தது. அதை என் தோளில் போட்டுவிட்டு, நீங்கள் சொல்வது போலவே “ரூவன்” என்றார். தூரத்தில் ரயில் மணி அடித்தது. இஞ்சாருங்கோ, ஒரு நிமிஷம் நானும் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்றைக்குப் புதுப் பூட்டுப் போட்டாயிற்று. சாவி என் கழுத்தில், தாலி இருந்த இடத்தில் கிடக்கிறது. உங்கள் அப்பாவைப் பட்டினி போடமாட்டேன், அந்தத் தண்டவாளத்துக்கும் விடமாட்டேன். இது சத்தியம். நீங்களும் கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் வருவோம். ரூவன் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்,
இன்றுவரை உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத உங்கள் மனைவி.