நீ ஏற்றாத விளக்கு

ஆறு மணிக்குப் போன் அடித்தால் எடுக்கவே எடுக்காத என் அம்மாவுக்கு,

நாங்கள் சுகம், அங்கே நீ சுகமா என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் நான் சுகமாக இல்லை. செம்பூரிலிருந்து கோர்ட்டுக்கும் கோர்ட்டிலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை இந்த ஊரில் உன் பெயரை ஒருத்தரும் சரியாகச் சொன்னதில்லை. இப்போது ஃபைலில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். பழியைப் போடுவதற்குப் பெயர் சரியாக வேண்டும் அல்லவா?

உனக்கு நடந்தது உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தாராவியில் நீ குடியிருந்தது மாடி ரூம். ஏறி இறங்க, செங்குத்தாக ஒரே ஒரு இரும்பு ஏணி. கீழே ரூம் சொந்தக்காரரின் பை தைக்கிற ஒர்க்‌ஷாப். ஏணிக்கு அடியில் மீட்டர் பெட்டி. புது மெஷின்கள் வந்த பிறகு அவர் அந்தப் பெட்டியிலிருந்து ஒயரை இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டே இருந்தார்.

"எண்ணெயில கடுகு போட்ட மாதிரி படபடங்குதுட்டி. சொன்னா கேக்க மாட்டக்கான்" என்று என்னிடம் போனில் புலம்பினாய். மூன்று முறை அவரிடமே போய்ச் சொன்னாய். "குச் நஹீ ஹோத்தா மாவ்ஷி" என்று சிரித்தாராம். ஒன்றும் ஆகாதாம். அன்று சாயங்காலம் அந்தப் பெட்டி வெடித்து, ஒர்க்‌ஷாப்பில் இருந்த ரெக்சின் பிடித்துக்கொண்டு, ஏணியைச் சுற்றி நெருப்பு நின்றது. மேலே இருந்த நீ இறங்க வழியில்லை.

போலீஸ் அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? மாடி ரூமில் சாமி படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கு சரிந்து தீப்பிடித்ததாம். அந்தத் தீதான் கீழே இறங்கியதாம். மராத்தியில் இருந்த அதை உன் பேத்தி பவித்ராதான் பள்ளிக்கூடச் சீருடையோடு உட்கார்ந்து படித்துச் சொன்னாள். ஒரு வார்த்தையில் நின்றுவிட்டாள். என்னடி என்று கேட்டேன். "ஆச்சி கேர்லெஸ்ஸா இருந்தாங்கன்னு போட்ருக்கு மம்மி" என்றாள். கொதிக்கிற பாலை இறக்கி வைத்துவிட்டு, வாசல் தாழ்ப்பாளை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத் தூங்குகிறவளுக்கு இந்தப் பட்டம்.

அதோடு விட்டார்களா? எரிந்துபோன பைகளுக்கும் மெஷின்களுக்கும் ரூம் சொந்தக்காரர் இன்ஷூரன்ஸ் கேட்டிருக்கிறார், மாடி வீட்டுக் கிழவியின் விளக்கால் வந்த நஷ்டம் என்று எழுதி. உன் சாவுக்கு அவர்தான் பொறுப்பு என்று நான் போட்ட மனுவுக்கும் அதே அறிக்கையைத்தான் பதிலாக நீட்டுகிறார். உன்னைக் கொன்றது போதாதென்று உன்னையே தன் பக்கத்துச் சாட்சியாகவும் ஆக்கிக்கொண்டார்.

விளக்கைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னது?

நான்தான் அம்மா.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உன்னை உள்ளே துணி சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அம்மா சாமி கும்பிடுவார்களா, தினமும் விளக்கேற்றுவார்களா என்று இந்தியில் கேட்டார். "ரோஜ். ஏக் தின் பீ நஹீ சோடா" என்றேன். ஒரு நாள்கூட விட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அந்த நேரத்தில் உன்னைப் பற்றி நல்லதாக ஒன்றைக் கேட்க ஒருவராவது வந்தாரே என்றிருந்தது எனக்கு. காய்ச்சலிலும் ஏற்றுவாள், கீழே முழங்கால் மழைத்தண்ணீர் நின்ற அன்றும் ஏற்றினாள், ஆறு மணிக்குப் போன் அடித்தால் எடுக்கவே மாட்டாள் என்று கேட்காததையும் சேர்த்து அளந்தேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் உன் ரூமுக்குள் விட்டார்கள். பரணோடு சரிந்து கிடந்த தகரப் பெட்டியைத் திறந்தால், ஓரம் கருகிய பழைய சேலையில் சுற்றி உன் விளக்கு. உன் விளக்காவது தப்பித்ததே என்று கட்டிக்கொண்டு அழுதேன். விளக்கு ஏன் பெட்டிக்குள் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து புளி போட்டு விளக்கி வைத்தேன். உன் காரியம் முடிந்ததும் ஏற்றவும் தொடங்கினேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

போன மாதம் ஜைனப் அக்கா வீட்டுக்கு வந்தாள். எதிர் ரூமில் இருப்பாளே, உன்னோடு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறவள், அவள்தான். வந்தவள் விளக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"இது எங்கன கெடந்துச்சு செல்வி?"

"தகரப் பெட்டிக்குள்ளக்கா."

"பொறவு? பெட்டிக்குள்ளதான கெடக்கும். ஒங்க பெரியப்பா எறந்து எட்டு நாளுதான ஆயிருந்துச்சு. பதினாறு கழியாம வெளக்கத் தொட மாட்டேன்னு தொடச்சுச் சுத்தி வச்சுட்டாளே ஒங்கம்மா. அந்த வாரம் பூரா ஆறு மணிக்கு எங்கிட்டதான் வந்து உக்காந்துருப்பா. அன்னைக்கும் உக்காந்துருந்தா. கொடியில கெடக்க துணிய எடுத்துட்டு வாரேன்னுதான் மேல ஏறுனா."

பெரியப்பா ஊரில் இறந்த செய்தி எனக்கும் வந்ததுதான். ஆனால் நான் கட்டிக்கொடுத்தவள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு என் தீட்டு முடிந்தது. மறுநாளே என் வீட்டில் விளக்கு எரிந்தது. பங்காளி வீட்டுச் சாவுக்கு நீ பதினாறு நாள் விளக்கில்லாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பாய் என்பது என் நினைவிலேயே இல்லை. அந்த வாரம் இரண்டு நாள் ஆறு மணிக்கு நீயே போன் செய்தாய். ஆறு மணிக்கு அம்மாவா, என்ன அதிசயம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மாட்டுங்காவில் நான் வேலை செய்கிற பல் டாக்டர் கிளினிக்கில் கூட்டம். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். என்ன சொல்ல நினைத்தாய் அம்மா?

இதை ஏன் போலீசிடம் சொல்லவில்லை என்று ஜைனப் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "யாரும் எங்கிட்ட கேக்கல புள்ள. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பனோ என்னமோ. நாங்களும் அவன் ரூம்லதான இருக்கோம்." அவளை எப்படித் திட்டுவது? பேசாமல் இருந்தவளைவிடப் பேசிக் கெடுத்தவள் நான்தானே?

வக்கீலம்மாவிடம் ஓடினேன். மராத்திக்காரர், பொறுமையானவர். பங்காளி, பதினாறு, தீட்டு எல்லாவற்றையும் நான் இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய டீ ஆறிவிட்டது. பெட்டியும் கருகிய சேலையும் என் கட்டிலுக்கு அடியில் இருப்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். விளக்கைப் புளி போட்டுத் தேய்த்ததைக் கேட்டு நெற்றியில் கை வைத்தார். நீ ஆறு மணிக்குப் பேசிய போன் விவரத்தை எடுக்கலாம் என்றார். மறு விசாரணை கேட்டு மனு எழுதியாயிற்று. ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் நான் கூண்டில் ஏறி, அன்று சொன்னது தப்பு என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

"அன்றைக்குப் பொய்யா, இன்றைக்குப் பொய்யா என்று கேட்பார்கள்" என்றார்.

"பொய் இல்லை மேடம். அன்றைக்கு எனக்குத் தெரியாது."

"பெற்ற அம்மா வீட்டில் அந்த வாரம் விளக்கு எரிந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாத மகளா என்று கேட்பார்கள். என்ன சொல்வீர்கள்?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் முன்னால். அதற்கு என்னைத் தயார் செய்துகொள்ளத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன்.

முந்தாநாள் ரூம் சொந்தக்காரரின் ஆள் கிளினிக்குக்கே வந்தான். வழக்கை வாபஸ் வாங்கினால் கோவண்டிப் பக்கம் ஒரு ரூம் பார்த்துக் கொடுப்பாராம். "கெழவிக்கு என்ன, போய்ச் சேந்துட்டாங்க. பேர்ல என்னக்கா இருக்கு?" என்றான். தமிழ்ப் பையன் வேறு. பல் பிடுங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவனை வெளியே அனுப்பினேன். நீ பார்த்திருந்தால், பொம்பளப் பிள்ளை இப்படியா கத்துவாள் என்று என்னைத்தான் திட்டியிருப்பாய்.

ஜைனப் அக்கா நேற்றுப் போன் செய்தாள். வீட்டில் பேசிவிட்டாளாம். "ரூம் போனாப் போவுது. நான் வந்து சொல்லுதேன்" என்றாள். வருவாளா என்று தெரியாது. வராவிட்டாலும் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை என் முறை. விளக்கைத் திரி எடுத்து, எண்ணெய் போகத் துடைத்து, அதே கருகிய சேலையில் சுற்றி, அதே பெட்டியில் வைத்துவிட்டேன். அறிக்கையில் உன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஒரு வார்த்தையை அடிக்கிற வரைக்கும் அதைத் தொட மாட்டேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. பெற்ற தாயே ஆனாலும் கட்டிக்கொடுத்தவளுக்கு மூன்று நாள்தான் தீட்டு என்று ஊர்க்காரர்கள் என்னைக் குளிக்க வைத்து அனுப்பினார்கள். எனக்கு இன்னும் கழியவில்லை அம்மா.

உன் வீட்டு இருட்டைத் தெரிந்துகொள்ளாமல் போன உன் மூத்த மகள்,
செல்வி