வலப்பக்கம் ஒரு டால்பின்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு மீதியைப் படி. உன் மகள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. முன்பல் ஒன்று விழுந்தது. அது தானாக ஆடி விழுந்தது. படகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என்ன படகு என்று நீ பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. அவளைப் படகில் ஏற்றாதே என்று நீ சொன்னதை மறக்கவில்லை. பள்ளி லீவு, வீட்டில் தனியாக விட முடியாது, "நானும் வர்றேன் சித்தி" என்று காலைக் கட்டிக்கொண்டாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. என் வீட்டுக்காரர் தீவைச் சுற்றிப் படகை ஓட்டுவார், நான் மைக்கில் பேசுவேன். இடப்பக்கம் குகை பாருங்கள், வலப்பக்கம் பறவை பாருங்கள் என்று. பயணிகள் அதை வேடிக்கை என்று நினைப்பார்கள். எல்லோரும் ஒரே பக்கம் கூடினால் படகு சாயும். ஆட்களை இரண்டு பக்கமும் பிரித்து வைக்கத்தான் பாதிப் பேச்சு.

அன்று தீவின் பின்புறம், பாறை வளைவை ஒட்டிப் போகும்போது ஓர் அலை எங்களைத் தூக்கிப் பாறையில் உரசிவிட்டது. இடப்பக்கம் விரிசல். தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. பயணிகள் அத்தனை பேரும் அந்தப் பக்கமே நின்று வளைவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாரத்தில் விரிசல் இன்னும் அமுங்கியது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, ஆட்களை வலப்பக்கம் அனுப்பு என்று கையை மெதுவாக அசைத்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஓட்டை என்று சொன்னால் முட்டி மோதிப் படகையே கவிழ்த்துவிடுவார்கள். வலப்பக்கமோ வெறும் கடல்.

வலப்பக்கம் டால்பின் என்றேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஒன்றையும் காணோம் என்று மறுபடி கேமராவைத் தூக்கினார்கள். திரும்பவும் சொன்னேன். யாரும் நகரவில்லை. உன் மகள் இடப்பக்கக் கம்பியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய் அவளை மட்டும் தூக்கிக்கொள்ளலாமா என்று தவித்தேன், அக்கா. மைக்கை விட்டால் மற்றவர்கள் கதி?

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கடலைப் பார்க்கவே இல்லை. எழுந்து வலப்பக்கம் போய், "அய்யோ, குட்டியும் இருக்கு! வந்து பாருங்க!" என்று கத்தினாள். ஒவ்வொருவராக வந்தார்கள். விரிசல் தண்ணீருக்கு மேலே எழும்பியது. படகைத் திருப்பியதும் தீவே வலப்பக்கம் வந்துவிட்டது. கரை சேரும்வரை யாரும் நகரவில்லை. நானும் வாயை மூடவில்லை.

வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தேன். டால்பின் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அங்க ஒண்ணுமே இல்ல சித்தி. நீ பயந்துபோய் இருந்தே, அதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் "நான் ஜாலியா இருக்கேன்மா, நீ மெதுவா வா" என்று உன்னிடம் சொல்கிறாளே, அதுவும் டால்பின் குட்டி இருக்கு என்று கத்திய அதே குரல்தான். போனை வைத்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். இத்தனை நாள் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

அந்த வெளியூர் வேலையை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். விழுந்த பல்லை உனக்குக் காட்டத் தாளில் மடித்து வைத்திருக்கிறாள். அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடாதே. ஒரு தடவை வந்து அவள் முகத்தைப் பார்.

உன் வரவை எதிர்பார்க்கும்
தங்கை